நெய் வைக்காத சாளை

அம்மா சாளை வாங்கும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் இல்லை. மீன் கூடையான கடவத்திலிருந்து ஒரு மீனை எடுத்து, வயிற்றின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். வயிறு கெட்டியாக நின்று, விரலில் லேசாகப் பிசுபிசுப்பு ஒட்டினால் பேரம் பேசத் தொடங்குவாள். விரல் உள்ளே அமுங்கினால் மீனைத் திரும்பப் போட்டுவிடுவாள். மீன் விற்கும் மாமி நேற்று ராத்திரி பிடித்த மீன் என்று சத்தியம் செய்தாலும் அது எடுபடாது. "பச்ச மீனுதான், இல்லேன்னு சொல்லல. நெய் வைக்கலியே பிள்ளே" என்பாள்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கட்டைவிரலைப் பார்த்து வருகிறேன். குமரி மாவட்டத்தில், வள்ளியாறு கடலில் சேரும் கடியபட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், முதலில் கட்டுமரம், அப்புறம் வள்ளம். நான் படித்து விலங்கியல் டீச்சர் ஆனேன். அம்மாவின் விரல் என்ன அளக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பட்டமும் பல வருடங்களும் தேவைப்பட்டன. அந்த மீன் கடந்த சில மாதங்களில் எவ்வளவு தின்றது, அதில் எவ்வளவைச் செலவழித்தது, எவ்வளவை மிச்சம் பிடித்தது என்பதைத்தான் அந்த விரல் அளக்கிறது.

சமீப காலமாக அம்மா மீனைத் திரும்பப் போடுவது அதிகமாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாளை என்று நாங்கள் சொல்வது கேரளத்தின் மத்தி, சென்னைக் கடைகளில் மத்தி என்றே விற்பது. நெய்ச்சாளை என்றும் பேர் உண்டு. அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். 1847-ல் வாலென்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் வைத்த பெயர். லாஞ்சிசெப்ஸ் என்றால் நீளத் தலை உடையது. உடம்போடு ஒப்பிட்டால் அதன் தலை உண்மையிலேயே நீளம்தான். அந்தத் தலைக்குள் இருப்பதைப் பார்த்தால் மீன் கழுவும்போது தலையைக் கிள்ளி எறியக் கை வராது.

போன வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினேன். காலையில் கரையில் வாங்கிய எட்டு சாளை, ஒரு பழைய பிளேடு, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப். செவுள் மூடியை வெட்டி எடுத்தால் வெளிப்பக்கம் சிவப்பாகச் செவுள் இழைகள் தெரியும், அது மூச்சுக்கு. அதே வளைவின் உட்பக்கத்தில் வெள்ளையாக, மிக நெருக்கமாக, ஈர்கொல்லிச் சீப்பின் பற்களைப் போல ஒரு வரிசை நிற்கும். அதுதான் இரை வடிகட்டும் சல்லடை. கீழ் வளைவில் மட்டும் 150-க்கு மேல் முட்கள் இருக்கும். சாளை வாயைத் திறந்து நீந்துகிறது, தண்ணீர் வாய் வழியே புகுந்து செவுள் வழியே வெளியேறுகிறது, தண்ணீரில் மிதப்பது சீப்பில் தங்கிவிடுகிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் தேங்காய்ப்பால் வடிகட்டும் துணியின் வேலைதான்.

பக்கத்திலேயே ஒரு நெத்தோலியையும் வெட்டிவைத்தேன். அதன் சீப்பு அகலப் பல் சீப்பு. முட்கள் குறைவு, இடைவெளி அதிகம். சாளையின் சல்லடையில் தங்கும் நுண்பாசி இதில் தங்காமல் போய்விடும். அதனால் நெத்தோலி தின்பது பெரும்பாலும் மிதக்கும் சின்ன உயிர்களை, அதாவது கோப்பிபாட் எனும் அரிசிக்குருணை அளவுக்கும் சின்னதான இறால் இனத்துப் பூச்சிகள், இறால் நண்டுகளின் குஞ்சுகள் இவற்றை. இரண்டும் ஒரே கடலில், சில நாள் ஒரே வலையில் வருகின்றன. ஆனால் ஒரே பந்தியில் உட்கார்ந்து வேறு வேறு பதார்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் போலத்தான் அவை வாழ்கின்றன. அயிலை இந்த இரண்டுக்கும் நடுவில், இதையும் அதையும் சேர்த்துத் தின்னும்.

பிறகு சாளையின் இரைப்பையைக் கீறினோம். உள்ளே பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு விழுது, அரைத்து இரண்டு நாள் ஆன கொத்தமல்லித் துவையல் நிறத்தில். ஊசி முனையில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் வைத்தோம். முதலில் பார்த்த பிள்ளை எதுவும் பேசவில்லை. கண்ணை எடுக்கவும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் "தள்ளு, தள்ளு" என்றார்கள். கடைசியில் அவள் தலையைத் தூக்கி, "டீச்சர், உள்ள கோலம் போட்டிருக்கு" என்றாள்.

கோலம்தான். வட்டமாக, உள்ளே தேன்கூட்டுக் கட்டங்களோடு ஒன்று, அது காசினோடிஸ்கஸ். தீக்குச்சிகளை அருகருகே அடுக்கி ரிப்பனாக்கியது போல இன்னொன்று, அது ஃப்ராஜிலேரியா. இவை டயட்டம் எனும் ஒற்றைச் செல் பாசிகள். கண்ணாடிக்கும் மணலுக்கும் ஆதாரமான சிலிக்காவில் தங்களுக்கு ஓடு கட்டிக்கொள்கின்றன. நடுநடுவே உடைந்த கோப்பிபாட் கால்களும் ஒரு மீசையும் கிடந்தன. அந்த எட்டு மீன்களில் ஆறின் வயிற்றில் விழுது இருந்தது. இரண்டில் ஒன்றுமே இல்லை, மடிந்து ஒட்டிப்போன வெறும் பை. அந்த இரண்டையும் பிள்ளைகள் தனியாக எடுத்து வைத்தார்கள். "பட்டினியா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஒரு வேளை வெறும் வயிறாக இருப்பதை வைத்துப் பட்டினி என்று சொல்ல முடியாது, செரித்து முடிந்திருக்கலாம், வலையில் தவிக்கும்போது கக்கியிருக்கலாம் என்று சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் அந்த இரண்டு மீன்களின் முதுகும் மெலிந்து கத்தி போல இருந்தது.

ஃப்ராஜிலேரியா ஓசியானிகா என்ற இந்த ரிப்பன் பாசிக்கு மீன் ஆராய்ச்சியில் ஒரு தனி இடம் உண்டு. 1947-ல் தொடங்கப்பட்டு மண்டபத்தில் இருந்து வேலை செய்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காலத்திலேயே, 1950-களில், நாயரும் சுப்ரமணியனும் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள்: இந்தப் பாசி கடலில் பெருகும் காலத்தில் சாளையும் பெருகி வருகிறது, ஆகவே பாசியைப் பார்த்து மீனைக் கணிக்கலாம். அதற்கும் முன்னால், மதராஸ் மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்பவரோடு சேர்ந்து 1920-களில் மலபார் சாளையின் வாழ்க்கையையும் அங்கே மிதக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்தே எழுதிவிட்டார். மீனையும் அதன் சோற்றையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கும் தெரிந்திருந்தது, வேறு வார்த்தைகளில். தண்ணீர் தெளிவாகக் கிடந்தால் சாளை வலையை எடுக்கமாட்டார். கலக்கு வேண்டும் என்பார். அதிலும் வள்ளியாற்றுச் சேறு வந்து கலங்கிய தண்ணீர் வேறு, கடலே தனக்குள் கலங்கிப் பச்சை ஓடியது வேறு. இரண்டையும் தூரத்தில் இருந்தே பிரித்துச் சொல்வார். கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்ததும் உண்டு. "ஆனி ஆடியில தண்ணி ஐஸு மாதிரி கெடக்கும் மக்களே. வெயிலு அடிச்சாலும் கெடக்கும். அந்த வருஷம் சாளைக்குக் கொறவிருக்காது" என்று இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வார்.

அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குமரிமுனையின் வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோடியில் இருந்து கன்னியாகுமரி வரை நம் மேற்குக் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து இந்தக் கரையை உரசிக்கொண்டே கிழக்கே போகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் மாதங்களைச் சொல்கிறேன். காற்று கடலின் மேல்தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூமி சுழல்வதால், பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள கடல்களில் அந்த மேல்தண்ணீர் மொத்தமாகக் காற்றின் வலப்பக்கம் விலகிப் போகிறது. கிழக்கே போகிற காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு, அதாவது ஆழ்கடல். ஆக, கச்சான் வீச வீச, கரையோரத்து மேல்தண்ணீர் கரையை விட்டு விலகுகிறது. விலகிய இடம் சும்மா கிடக்காது. கீழே இருளில் கிடந்த குளிர்ந்த தண்ணீர் அங்கே ஏறி வருகிறது. சித்திரையில் 30 டிகிரி பக்கம் இருக்கும் கடல் ஆடி ஆவணியில் 25 டிகிரி பக்கம் இறங்குவது இதனால்தான். அப்பா சொன்ன ஐஸ் இதுதான்.

மேலே ஏறும் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. மேலே செத்து விழுந்த உயிர்கள் எல்லாம் ஆழத்தில் மக்கி உரமாகிக் கரைந்து கிடந்த தண்ணீர் அது. நைட்ரேட், பாஸ்பேட், டயட்டம் ஓடு கட்டத் தேவையான சிலிக்கா எல்லாம் அதில் இருக்கிறது. வயலில் உரம் போட்டு வெயில் அடித்தால் என்ன நடக்குமோ அது நடக்கிறது. சில நாட்களில் கடல் பச்சை ஓடுகிறது. டயட்டம் பெருக, அதைத் தின்னும் கோப்பிபாட் பெருகுகிறது. இந்த மேலேற்றம் தென்மேற்குக் கரையில் முதலில் தொடங்குவது நம் முனையில்தான். மே மாதக் கடைசியில், ஜூனில் இங்கே ஆரம்பித்து வடக்கே கொல்லம், கொச்சி என்று நகர்ந்து போகிறது. அதில் ஒரு ஆபத்தும் கலந்திருக்கிறது. ஆழத்துத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அது அடியிலிருந்து ஏறும்போது மீன்கள் மேல்மட்டத்துக்கும் கரைப்பக்கத்துக்கும் ஒதுங்க வேண்டி வருகிறது. சாளை கரைக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பதற்குச் சோறு மட்டும் காரணம் அல்ல.

சாளை முட்டை இடுவதும் இந்த மழைக்காலத்தில்தான், ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் கடலின் சூட்டில் முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுக்கு ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குத்தான் வரும். அது தீர்ந்ததும் குஞ்சு தன் வாயால் தின்றாக வேண்டும். அந்த நாளில், அந்த இடத்தில், அதன் வாய்க்குள் நுழையும் அளவில் இரை இருந்தாக வேண்டும். நார்வே விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-லேயே இதைச் சொல்லிவிட்டார். அங்கே 1904-ல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் மட்டும் பல வருடம் தொடர்ந்து வலையை நிறைத்தன. அதற்கு முந்தியும் பிந்தியும் பிறந்தவை அவ்வளவாகத் தேறவில்லை. முட்டை எவ்வளவு என்பதைவிட, குஞ்சு முதல் இரையைச் சந்தித்ததா என்பதுதான் கணக்கு என்று அவர் யோசித்தார். பின்னால் டேவிட் குஷிங் என்ற ஆங்கிலேயர் அதை இன்னும் நெருக்கிக் காலப்பொருத்தமாகச் சொன்னார்: பாசி பெருகும் வாரமும் குஞ்சு பசிக்கும் வாரமும் ஒன்றாக விழுந்தால் நல்ல வருடம், இரண்டு வாரம் தவறினாலே கெட்ட வருடம். நம் ஊரில் நாற்றும் மழையும் பொருந்தாமல் போனால் பூ, அதாவது அந்தப் போகம், என்ன ஆகும் என்று நாஞ்சில் நாட்டு விவசாயிக்குத் தெரியும். கடலிலும் அதே கதைதான்.

சரி, குஞ்சு பிழைத்துவிட்டது. இனி வளர வேண்டும்.

மீனுடைய வளர்ச்சியை ஒரு குடும்பத்தின் வரவு செலவாகப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தின்பது வரவு. அதில் செரிக்காமல் கழிவது ஒரு பங்கு. நீந்துவதற்கும் மூச்சுக்கும் உடம்பை ஓட்டுவதற்கும் போவது மிகப் பெரிய பங்கு. சாளை ஒரு நிமிடமும் நிற்காத மீன், தின்பதற்கே நீந்த வேண்டிய மீன். இதெல்லாம் போக மிஞ்சியதுதான் சதை. அதிலும் மிஞ்சினால் நெய். முட்டை கட்ட வேண்டிய காலம் வந்தால் அந்த நெய்யை எடுத்துத்தான் கட்டும். வாடகையும் கரண்டும் கட்டிய பிறகு மிஞ்சுவதில்தான் பிள்ளைக்கு நகை சேர்க்க முடியும் என்பது போல.

தண்ணீர் சூடானால் செலவு கூடும். மீனுக்கு நம்மைப் போலத் தன் உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைக்கத் தெரியாது. தண்ணீர் சூடு 10 டிகிரி கூடினால் அதன் உடம்பு எரிக்கும் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆக ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே, அதே அளவு தின்றும் மிச்சம் குறையும். சூடான மேல்தண்ணீர் கனம் குறைந்து எண்ணெய் போல மேலே மிதப்பதால், கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறுவதும் கடினமாகும். வரவு குறைந்து செலவும் கூடினால் அந்த வீடு என்ன ஆகும்?

ஒழுங்காகத் தின்ற சாளை ஒரு வருடத்தில் 15 செ.மீ. பக்கம் வந்து முட்டை இடத் தயாராகிவிடும். அதிகம் போனால் இரண்டரை வருட ஆயுள், 20 செ.மீ.-க்குச் சற்றுக் கூட நீளம். நீளத்தைக் கேட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. 10 செ.மீ. மீனுக்கும் 15 செ.மீ. மீனுக்கும் நடுவில் மூன்று விரல் அகலம்தான். ஆனால் மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலத்திலும் தடிமனிலும் சேர்ந்தே வளர்கிறது. நீளம் ஒன்றரை மடங்கானால் எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். கிலோவுக்கு நூறு நின்ற குஞ்சு, சில மாதம் விட்டுவைத்தால், கிலோவுக்கு முப்பதாக நிற்கும். அந்த மூன்று விரல் அகலத்துக்குள்தான் ஒரு மழைக்காலத்தின் பாசி முழுவதும் சதையாகி உட்கார்ந்திருக்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் அப்படி உட்கார்ந்த சாளையை அம்மா எண்ணெய் விடாமல் வறுப்பாள். மண்சட்டியைச் சூடாக்கி, மிளகும் மஞ்சளும் உப்பும் புரட்டிய மீனை அடுக்கினால் போதும். ஐந்து நிமிடத்தில் மீனைச் சுற்றி அதன் நெய்யே கசிந்து நுரைக்கும். அந்த நெய்யில் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கைப் புரட்டித் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். சட்டி கழுவச் சாம்பல் இல்லாமல் முடியாது. சாளை நெய் அவ்வளவு வந்த காலத்தில் அதை வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் பூசினார்கள், தென்னைக்கு உரமாகச் சாளையையே புதைத்தார்கள். அதே சாளையில் கொழுப்பு, பருவத்தைப் பொறுத்து, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கிலிருந்து பதினெட்டு பங்கு வரை மாறும். அம்மாவின் விரல் தேடுவது அந்த வித்தியாசத்தை.

இப்போது அம்மா ஏன் மீனைத் திரும்பப் போடுகிறாள் என்பதற்கு வருகிறேன்.

சாளை ஏறி இறங்கும் மீன். அது எப்போதும் அப்படித்தான். கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் சாளை கரைக்கு வந்தது. 2021-ல் வந்தது 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. கடலுக்கு எல்லைக்கோடு கிடையாது, நம் கரைக்கும் அதே கதைதான். அந்த வருடங்களில் எங்கள் ஊர் மாமிமார் கடவத்தில் சாளை இல்லாமல் வேறு எதையோ சுமந்து வந்ததும், "சாளை இல்லாத ஊருல என்னத்த கறி வைக்க" என்று பெண்கள் வாசலில் நின்று அங்கலாய்த்ததும் நினைவிருக்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தை மீறிச் சூடாகும் எல் நினோ 2015-ல் கொண்டுவந்த சூடு, மழையின் போக்கு, அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன.

அப்புறம் மீன் திரும்பி வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். 2024 கடைசியில் கேரளக் கரையில் குஞ்சுச் சாளை அலையோடு வந்து மணலில் குவிந்தது, விலை கீழே போனது. ஆனால் வந்த மீன் சின்னது. அதைவிட முக்கியம், நீளத்துக்கு ஏற்ற எடை இல்லை. நல்ல மழை வருடத்தில் குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்துவிட்டன, ஆனால் அவ்வளவு வாய்க்கும் போதுமான இரை இல்லை, போட்டியில் எல்லாமே மெலிந்தன என்பதுதான் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தந்த விளக்கம். பந்திக்கு ஐம்பது பேருக்குச் சமைத்து ஐந்நூறு பேர் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் வயிறு நிறையாது.

இதைப் படித்தபோது எனக்குப் பால்டிக் கடல் ஞாபகம் வந்தது. அது ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் போலந்துக்கும் நடுவில் கிடக்கும், பாதி உப்புகூட இல்லாத கடல். அங்கே ஹெர்ரிங், ஸ்ப்ராட் என்று இரண்டு மீன்கள். சாளையின் ஒன்றுவிட்ட சொந்தங்கள், கோப்பிபாட் தின்று வாழ்பவை. இவற்றைத் தின்ன காட் என்ற பெரிய மீன் இருந்தது. 1980-களில் காட் மீனை அளவு மீறிப் பிடித்தார்கள். அதே காலத்தில் வடகடலில் இருந்து பால்டிக்குக்கு உப்புத் தண்ணீர் பெருகி வருவதும் அரிதாகிப்போனது. காட் முட்டைகளுக்கு அந்த உப்பு வேண்டும். காட் விழுந்தது. தின்ன ஆளில்லாமல் 1990-களின் தொடக்கத்தில் ஸ்ப்ராட் பல மடங்கு பெருகியது. உப்பு குறைந்ததில் சூடோகலானஸ் என்ற கொழுத்த கோப்பிபாட்டும் குறைந்தது. அது ஹெர்ரிங்குக்குப் பிடித்த இரை. விளைவு, ஹெர்ரிங்கின் எடை ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அதே வயது மீன், பாதி எடை. ஸ்ப்ராட்டும் கூட்டம் கூடியதில் தானும் மெலிந்தது. கடலில் மீன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது செழிப்பாகத் தெரிந்திருக்கும். எடையைப் பார்த்தவர்களுக்குத்தான் பசி தெரிந்தது.

அவர்களுக்கு அது தெரிந்ததற்குக் காரணம், பல பத்தாண்டுகளாக வருடம் தவறாமல் மீனை நிறுத்து, வயதைப் பார்த்து, எழுதி வைத்ததுதான். மீனின் வயது அதன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் எழுதியிருக்கும். மரத்தின் வளையம் போல. குஞ்சுகளில் நாளுக்கு ஒரு வளையம்கூட விழும், 1971-ல் பன்னெல்லா என்பவர் கண்டுபிடித்தது. நன்றாகத் தின்ற நாளின் வளையம் அகலமாகவும், பசித்த நாளின் வளையம் ஒடுங்கியும் இருக்கும். பிள்ளைகளுக்கு அந்தக் கல்லையும் எடுத்துக் காட்டினேன். சாளையின் காதுக்கல் எள்ளை விடச் சின்னது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தொலைந்துவிடும்.

கரையில் நான் பார்க்கும் ஒன்று என்னை உறங்கவிடுவதில்லை. மேற்குக் கரைத் தடைக்காலம் ஜூலை 31-ல் முடிந்து ஆகஸ்டில் விசைப்படகுகள் இறங்கும். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. முட்டை இட வரும் தாய் மீனுக்கு அது ஓரளவு உதவுகிறது. ஆனால் குஞ்சு கரையோரத்தில் தின்று வளரும் மாதங்கள் ஆகஸ்டுக்கு அப்புறம்தான் தொடங்குகின்றன. அப்போது துறைமுகத்தில் விரல் நீளச் சாளைக் குஞ்சு மண்வெட்டியால் அள்ளும் அளவுக்குக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் யாரும் கறிக்கு எடுக்கமாட்டார்கள். ஐஸ்கூடப் போடாமல் லாரியில் ஏற்றி, கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அனுப்புவார்கள். கிலோவுக்கு நூறுக்கு மேல் நிற்கும் மீன். பந்தியில் உட்கார்ந்து இலை போட்ட உடனே எழுப்பி அனுப்பியது மாதிரி.

ஒரு தடவை அந்தக் குவியலில் இருந்து ஒரு குஞ்சை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். வயிறு ததும்ப இரை. அப்போதுதான் தின்றிருக்கிறது. வயிற்றுச் சுவர் மெல்லியதாக இருந்ததால் வெளியிலிருந்தே உள்ளிருக்கும் பச்சை தெரிந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர், எங்கள் தெருக்காரர்தான், "என்ன டீச்சர், இத்துனூண்டு மீனப் பாத்துட்டு நிக்கிறிய" என்றார். "நல்லா தின்னிருக்கு அண்ணே, பாருங்க" என்று காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாங்க விட்டா அடுத்தவன் அள்ளிட்டுப் போவான் டீச்சர். டீசல் காசு கடன்ல நிக்கி" என்றார். அவர் சொன்னதும் உண்மை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேரளத்தில் 10 செ.மீ.-க்குக் கீழ் உள்ள சாளையைப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நம் பக்கமும் இதை அளவுகோலோடு பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வள்ளம் மட்டும் விட்டுவைத்துப் பயன் இல்லை. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை எல்லாரும் ஒன்றாக விட வேண்டும். அந்த நேரத்தில் கடன் கட்ட வேண்டிய வீட்டுக்கு வேறு வழியும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். சாளை எவ்வளவு வந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நாம் பாதியைத்தான் கேட்கிறோம். வந்த சாளை என்ன நிலையில் வந்தது என்று கேட்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும். ஓர் அடி ஸ்கேலும் தராசும் இருந்தால் அதைவிட நல்லது. இரண்டும் நம் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக் கடற்கரையில் பள்ளிக்கூடத்துக்கும் குறைவில்லை.

நான் பிள்ளைகளோடு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் யாராவது ஒரு பிள்ளை வீட்டில் வாங்கிய சாளையில் பத்தை அளந்து நிறுத்து எழுதும். தேதி, எந்தக் கரை, எந்த வலை, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம், எடை, வயிற்றில் என்ன நிறம். கடைசிக் கட்டத்தில் 'நெய்' என்று ஒரு தலைப்பு உண்டு. அதை எப்படி அளப்பது என்று முதலில் எங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் ஒரு பையன் தன் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், குளச்சல் சந்தையில் ஐம்பது வருடம் சாளை விற்றவர். பத்து மீனையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, "இது உண்டு, இது இல்ல, இதுவும் இல்ல, இது லேசா உண்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் எழுதிக்கொண்டோம். எழுதி முடித்த பிறகு அதே பத்தையும் நிறுத்து, நீளத்தோடு ஒப்பிட்டோம். நீளத்துக்கு எடை குறைந்தவை என்று எங்கள் கணக்கு காட்டிய நான்கும் அவர் 'இல்ல' என்று சொன்ன மீன்களுக்குள்ளேயே இருந்தன.

அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் பாட்டிமாரும் அம்மாமாரும் சொல்வதையே எழுதுகிறோம். போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. கடியபட்டணக் கரை, சாளை வலை, பத்து மீன், 13-லிருந்து 14 செ.மீ. வயிற்றில் பச்சை. அம்மா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஏழாவது மீனில் விரலை எடுக்காமல் கொஞ்சம் நின்றாள். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஒட்டிப் பிரித்து எனக்குக் காட்டினாள்.

"இதுல வைக்கத் தொடங்கியிருக்கு மக்களே. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.